ஆயா வாழ்ந்த வழியே: முதுநகர், முதலியார்பேட்டை, பண்ருட்டி, தேவனாம்பட்டினம்

2024 பிப்ரவரி 21, புதன். கடலூர் முதுநகர்

ஆயா தவறி ஒரு வருடம் ஆகிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்று வீட்டில் முடிவானபோது, "அதுக்கு முன்னாடி அம்மா குடியிருந்த நாலு ஊரையும் பார்த்துட்டுப் போவோம்" என்றார் பெரியத்தை. பேரப்பிள்ளைகள் மூன்று பேர், பெரியத்தை, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் கிளம்பியது.

91 வயது என்பது வீட்டார் போட்ட கணக்கு. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. "புதுச்சேரி மில்லுல சுட்ட வருசம் எனக்கு நாலு வயசுன்னு எங்கம்மா சொல்லும்" என்பார் ஆயா. மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் இறந்தது 1936 ஜூலை 30. அப்படியானால் 1932-ல் பிறந்திருக்கிறார்.

நோட்டுப் புத்தகம் வடகத்துக்காக. சின்ன வெங்காயத்தை நசுக்கிப் பருப்பு, கடுகோடு பிசைந்து, உருண்டையாக வெயிலில் காயவைத்துத் தாளிக்க எடுத்துவைப்பதுதான் தாளிப்பு வடகம். போன சித்திரையில் மூன்று வீடுகளில் ஆயாவின் வடகத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் வீணாயிற்று. ஒன்றில் எட்டாம் நாள் வெள்ளைப் பூசணம். இன்னொன்று மேலே கல் மாதிரி காய்ந்தும் உடைத்தால் நடுவில் சொதசொதவென்று இருந்தது. மூன்றாவது கசந்தது. ஆயா எழுபது வருடத்துக்கு மேல் வருடந்தோறும் போட்ட பண்டம் அது. அளவு எழுதாமல் போய்விட்டார். அவர் கூட உட்கார்ந்து உருட்டியவர்கள் ஊருக்கு ஒருவராக இன்னும் இருக்கிறார்கள்.

முதுநகரை இன்றும் பாதிப்பேர் ஓட்டி என்றுதான் சொல்கிறார்கள், ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம். கடலூர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வந்ததில்லை. ஆற்று முகத்தில் மணல் அடைத்துக்கொள்ளும், ஆழம் போதாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, தோணியில் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். ஆயாவின் அப்பா அந்தத் தோணிகளில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றிக் கூலி வாங்கியவர். ஆயா சின்ன வயதில் கற்றது மூட்டை சிந்திய மல்லாட்டையைப் பொறுக்கி, சொத்தை நீக்கி, காய்ந்ததை ஒலியால் அறிவது. காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம். இந்தக் காதுதான் பின்னாளில் வெங்காயத்துக்கும் உதவியது என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஆயாவின் தங்கை, சின்னாயா, 86 வயது, உப்பனாற்றுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறார். திண்ணையில் உட்கார வைத்து, முதலில் மோர், பிறகு விசாரணை.

"வெங்காயத்த இன்னாத்துல போட்டீங்க?"

"மிக்ஸியில ஒரு சுத்து, சின்னாயா."

"அப்ப கசக்காம இன்னா செய்யும்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம். வெங்காயம் அரைபடக் கூடாது, நசுங்க வேண்டும். பிளேடு சுற்றினால் விழுதாகிக் கசப்பு ஏறும், தண்ணீரும் விட்டுக்கொள்ளும். உரலில் ஒரு நேரத்துக்கு இரண்டு கை வெங்காயம் மட்டும் போட்டு, உலக்கையால் நாலு குத்து, ஐந்தாவது வேண்டாம். ஒரு வெங்காயம் மூன்று நான்காகப் பிளந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் தோல். வெங்காயத்தைக் கழுவவே கூடாது. காலை வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி, கையில் அள்ளி உதறிப் பார். சருகு சத்தம் வந்தால் முறத்தில் தேய்த்துப் புடைத்தால் மேல்தோல் பறந்துவிடும். ஒட்டிய தோல் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. சத்தம் வராத வெங்காயம் புது வெங்காயம், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்.

பூண்டைத் தோலோடு தட்டிப் போட வேண்டும் என்பது சின்னாயா கட்சி. பெரியத்தை தலையாட்டவில்லை. அது அங்கேயே நின்றது.

மதியம் துறைமுகத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, ரசம், மோரோடு 130 ரூபாய். கேட்காமலே ஒரு கரண்டி சென்னாக்குனி (பொடி இறால்) வறுவல் வைத்தார்கள். பரிமாறிய பெண்மணி பெரியத்தையின் இலையை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தார். மீன் தீர்ந்ததும் தலைத் துண்டைக் கொண்டுவந்து, "பெரியவங்க, சாப்பிடுங்க" என்று வைத்தார். அதற்குக் காசு சேர்க்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன். முதலியார்பேட்டை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சுமார். அதற்குள் எல்லை மாறி மாறி வரும். ஆல்பேட்டை சோதனைச் சாவடி தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கிக் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கே புதுச்சேரி. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் போய், இடையில் ரெட்டிச்சாவடியில் மறுபடியும் தமிழ்நாடு. தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்றால் திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் துண்டு துண்டாகக் கிடைத்த கிராமங்களின் எல்லை இன்றும் அப்படியே நிற்கிறது. இப்போது அது மதுக்கடைப் பலகைகளில் தெரிகிறது.

ஆயா 1950-ல் கல்யாணமாகி இந்த வழியாகத்தான் வந்தார். அதற்கு முந்தின வருடம்தான் இந்திய அரசு பிரெஞ்சு இந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டிருந்தது. எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் போக முடியாது. சீர்ப் பாத்திரத்துக்குள் அம்மா வைத்து அனுப்பிய வடகத் தகரத்தைச் சுங்கக்காரர் திறந்து, மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு "போங்க" என்றாராம். மற்ற மூட்டைகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டன. இதை எங்கள் வீட்டில் கேட்காத பிள்ளை இல்லை.

தாத்தாவுக்கு ரோடியர் மில்லில் வேலை. பின்னால் ஏ.எஃப்.டி., அதாவது ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், என்று பெயர் சொன்ன அதே மில். 1936-க்குப் பிறகு எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது, அதனால் நாளுக்கு மூன்று ஷிப்ட். ஆயாவின் இட்லிக் கடை அந்த எட்டு மணிக் கணக்கில் பிறந்த கடை. சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு ஈடு, சங்கு ஊதி ஆள் வெளியே வந்த பிறகு ஒரு ஈடு. வாசலில் இரண்டு பலகை, ஒரு மண்ணடுப்பு.

அந்த நாளில் சிறுமியாக மாவாட்டிக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கு இப்போது 79. அளவு நுனி நாக்கில் இருக்கிறது. புழுங்கல் அரிசி நாலு படிக்கு உளுந்து ஒரு படி, வெந்தயம் ஒரு சின்னக் கை. அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும், உளுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது. அதிகம் ஊறினால் பொங்கி வராது, மாவு காணாது. உளுந்தை ஆட்டும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். மார்கழியில் மாவு புளிக்காது. அப்போது பானையை வைக்கோலில் புதைத்து, அடுப்பாறிய சாம்பல் பக்கம் வைப்பாராம். அப்படியும் புளிக்காத நாளில் ஆயா இட்லி விற்கவில்லை, அதே மாவில் தோசை ஊற்றிக் கொடுத்தார்.

தொட்டுக்கொள்ள வடகத் துவையல். இரண்டு உருண்டை வடகத்தை எண்ணெயில் சிவக்க வறுத்து, ஆறு மிளகாய் வற்றல், கொட்டைப் பாக்களவு புளி, அரை மூடித் தேங்காய், உப்பு வைத்து அம்மியில் கரகரப்பாக அரைப்பது. உப்பைக் கடைசியில் பார்த்துப் போட வேண்டும், வடகத்திலேயே உப்பு இருக்கிறது. ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் இலையில் மடித்து எடுத்துப் போவார்கள். காலை வரை கெடாது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் புதுச்சேரி இந்தியாவின் கையில் வந்தது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த நவம்பர் 1 நினைவிருப்பது மாவால். முதல் நாள் ராத்திரி ஆயா வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு போட்டும் காலை ஏழு மணிக்கே பானை காலியாகிவிட்டதாம்.

பூசணத்தின் காரணமும் இங்கேதான் தெரிந்தது. வடகம் பிழிந்த சாற்றை என்ன செய்தீர்கள் என்று அக்கா கேட்டார். கொட்டிவிட்டோம் என்றோம்.

"அடப் பாவிங்களா! உப்பு முழுக்க அதுலதானே இருக்கு?"

நசுக்கிய வெங்காயத்தில் உப்புப் போட்டதும் தண்ணீர் விடும். உப்பு அதில் கரைந்து இறங்கிவிடும். அந்தச் சாற்றைக் கொட்டினால் உருண்டையில் உப்பு இல்லை, பூசணம் ஏறத்தான் செய்யும். காலையில் பிழிந்த உருண்டையைத் தட்டிலும், சாறிருக்கும் சட்டியைத் துணியால் வேடு கட்டியும், இரண்டையும் வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து அதே சாற்றில் போட்டுப் பிசைந்து மூட வேண்டும். சட்டியில் சாறு சொட்டு இல்லாமல் வற்றும் வரை தினமும் இதே வேலை. நாலு நாள் ஆகும். வெயில் குறைந்தால் ஐந்து.

இன்னொன்றும் கேட்டார். மாடியில் பிளாஸ்டிக் தாளில் காயவைத்தீர்களா? ஆமாம். தாளுக்கு அடியில் வியர்க்கும், அந்த ஈரம் உருண்டையின் அடியில் தங்கும். முறத்தில் பழைய வேட்டியை விரித்துப் போடுங்கள் என்றார்.

மில் வாசல் பூட்டியிருந்தது. 2020-ல் மூடிவிட்டார்கள். சுவரை ஒட்டி வேப்பங்கன்று ஒன்று வளர்ந்து நிற்கிறது. பெரியத்தை அந்த வாசலில் ஆயாவின் அடுப்பு இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே ஒரு கைப்பேசி ரீசார்ஜ் கடை.

சாயங்காலம் பெரிய மார்க்கெட். பூண்டு விலை கேட்டு நின்றுவிட்டோம், கிலோ 400 ரூபாய். சின்ன வெங்காயம் 40. பளபளவென்று இருந்த குவியலைக் காட்டி இரண்டு கிலோ போடச் சொன்னதும், கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா?" "வடகத்துக்கு." "அப்ப இது வேணாம், புதுசு. அந்தக் கோடியில போய்ப் பாருங்க, பழசு இருக்கும்." தன் கடைச் சரக்கை விட்டு அடுத்த கடைக்கு அனுப்பினார். அந்தக் கோடியில் வாங்கிய வெங்காயத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தோம். சருகு சத்தம் கேட்டது.

இந்த வடகம்தான் பாரீஸ் சமையலறைகளில் 'வடுவன்' என்ற பெயரில் போயிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய பண்டம். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வடுவன் போட்ட மீன் என்று பலகையில் எழுதியிருந்தது, ஒரு தட்டு 650. நாங்கள் ரொட்டிக் கடையில் நீளமான ரொட்டி வாங்கிக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுப் படுத்தோம். ஆயா பல் போன பிறகு விரும்பிச் சாப்பிட்டது அது.

பிப்ரவரி 23, வெள்ளி. பண்ருட்டி

கடலூர் திரும்பி, நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி. ஆலைக்குக் கரும்பு போகும் பருவம். டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன, பஸ் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. காற்றில் வெல்லப்பாகு வாசனை. ஒரு டிராக்டர்க்காரர் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த குழந்தைக்குக் கரும்பு ஒன்றை உருவிக் கொடுத்தார். அது ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பின் சீட் வரை பங்காயிற்று.

தாத்தா 1971-ல் இறந்த பிறகு ஆயா சின்ன மகளோடு இங்கே வந்துவிட்டார். பதினான்கு வருடம் முந்திரிக் கொட்டை உடைத்தார். இந்த வேலையைப் பற்றி ஆயா வாய் திறந்தது குறைவு. சின்னத்தை இன்று சொன்னார்.

அந்தக் காலத்தில் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் சூட்டில் கசிந்து தீப்பிடிக்கும். குப்பென்று எரியும்போது சரியான நொடியில் தண்ணீர் தெளித்து அணைத்துச் சாம்பலில் கொட்ட வேண்டும். முந்தினால் ஓடு உடையாது, பிந்தினால் பருப்பு கருகும். ஆறியதும் கல்லில் விளிம்பு மேலாக நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. நெற்றியில் தட்டினால் பருப்பு இரண்டாகும். விளிம்பில் தட்டினால் ஓடு இரண்டாகப் பிரிந்து பருப்பு முழுசாக வரும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, நொறுங்கலுக்கு அதிலும் குறைவு. கூலியும் அந்தக் கணக்குத்தான். நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு வரும். பிறகு சூட்டில் உலர்த்தி, உள்தோலை நகத்தால் உரிக்க வேண்டும். கத்தி பட்டால் கோடு விழும், தரம் இறங்கும்.

ஓட்டெண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அல்லது விளக்கெண்ணெய். ஆயாவின் உள்ளங்கை கடைசி வரை கருத்தே இருந்தது. நாங்கள் அது வயதால் என்று நினைத்திருந்தோம்.

விளக்கெண்ணெய் ஆயாவின் வடகத்துக்குள் வந்தது இந்த ஊரில். முதலியார்பேட்டையில் எண்ணெயைக் கலவையிலேயே ஊற்றிப் பிசைவார்களாம். பண்ருட்டியில் புண்ணான கையோடு உப்புக் கலவையைத் தொட முடியாமல், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உருட்ட ஆரம்பித்தார். முதல் வருடம் முதல் நாளே அப்படி உருட்டி, அத்தனையும் உள்ளே அழுகிப் போயிற்று. எங்கள் இரண்டாவது வடகத்தின் நோய் அதுதான். எண்ணெய் மேலே பூச்சாகப் படிந்தால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. அடுத்த வருடத்திலிருந்து ஆயா ஏழாம் நாளுக்கு மாற்றினார். சாறு வற்றி, உருண்டையை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்த பிறகு, உள்ளங்கையில் நாலு சொட்டு தடவி இறுக்கி உருட்டுவது. அப்போது அதே பூச்சு, வெளி ஈரம் உள்ளே போகாமல் காக்கும். ஐப்பசி மழையிலும் ஜாடியில் வடகம் கெட்டுப் போகாமல் இருந்தது இதனால்தான்.

பூண்டுத் தோல் பற்றிச் சின்னத்தையிடம் கேட்டோம். உரித்துத்தான் போடணும் என்றார். பெரியத்தை உடனே எங்களைப் பார்த்தார்.

மத்தியானம் பலாப்பிஞ்சுக் கறி. இந்த மாதத்தில் பலா பிஞ்சாகத்தான் இருக்கும், பழம் சித்திரைக்கு மேல். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு போகாது. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. சின்னத்தை வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பலா மரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது ஒன்பது சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் வேரோடு போயின. முந்திரி திரும்ப வைத்துக் காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். அதனால்தான் இன்று ஊரில் உடைபடும் கொட்டையில் கணிசமானது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. முழுப் பருப்பு கிலோ 750 என்றார்கள். சின்னத்தை அரை கிலோ கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ராத்திரி கடுமையான பனி. திண்ணையில் படுத்த இருவருக்கும் காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு ரசம் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பிப்ரவரி 24, சனி. தேவனாம்பட்டினம், மாசி மகம்

மஞ்சக்குப்பத்தோடு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கடற்கரைக்கு நடைதான். டிராக்டரிலும் லாரியிலும் சுற்றுக் கிராமத்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேளம். பத்து மணிக்கே மணல் சுட்டது. கூட்டத்தில் பெரியத்தையின் செருப்பு ஒன்று போயிற்று. சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெண் தன் காலில் கிடந்ததைக் கழற்றி, "நான் இங்கயே குந்திக்கிட்டு இருக்கப் போறேன், திரும்பச்சொல்ல குடுங்கம்மா" என்றார். திரும்பும்போது கொடுத்துவிட்டு நாலு பொட்டலம் சுண்டல் வாங்கினோம், பொட்டலம் 20.

கரையில் புரோகிதர்கள் வரிசையாகக் குடை நட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு 200 ரூபாய் என்றார்கள். எங்களுக்கு வாய்த்தவர் நிதானமானவர். பெயரைக் கேட்டு, மூன்று தலைமுறைப் பெண்களின் பெயரையும் கேட்டார். ஆயா, ஆயாவின் மாமியார் வரை பெரியத்தை சொன்னார். அதற்கு மேல் தெரியவில்லை. "தெரிஞ்சவரைக்கும் சொல்லுங்க, மத்தவங்களுக்கு கங்கைன்னு சொல்லிக்கலாம்" என்று முடித்தார். எள், தண்ணீர், தர்ப்பை. ஒரு கவுளி வெற்றிலையும் கொட்டைப் பாக்கும் வைத்தோம். ஆயாவுக்குப் புகையிலையும் வேண்டும். அதை வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, பெரியத்தை முந்தானையிலிருந்து எடுத்து வைத்தார்.

ஆயா 1985-ல் இந்த ஊருக்கு வந்தார், சித்தப்பா இங்கே வீடு பார்த்ததால். 53 வயதில் புதுத் தொழில்: கருவாடு. மீனவப் பெண்களிடம் பச்சை மீனை ஏலத்தில் வாங்கி, உப்பிட்டு, காயவைத்து, கூடையில் கொண்டுபோய் விற்பது. சித்தி கடைசி வரை கூட இருந்து செய்தவர். நெத்திலிக்கு உப்பு வேண்டாம், கடல் தண்ணீரில் அலசிப் பரப்பினால் நல்ல வெயிலில் இரண்டு நாள். பெரிய மீனைக் கீறிக் குடல் நீக்கி, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. ஒரு ராத்திரி உப்பில் கிடந்த பிறகுதான் வெயில். மணலில் பரப்பினால் மணலும் ஏறும், ஈயும் முட்டை வைக்கும், மூன்றாம் நாள் புழு. ஆயா மூங்கில் தட்டி கட்டி இடுப்புயரத்தில் வலை விரித்துப் போட்டார். அடியிலும் காற்று போகும். மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் செம்மை படிந்தால் உப்பில் கோளாறு, அதை விற்கக் கூடாது, புதைத்துவிட வேண்டும். அப்படி ஒரு கார்த்திகையில் இரண்டு கூடை வஞ்சிரத்தைப் புதைத்தார் என்றார் சித்தி. அது அந்த மாத வரும்படி.

2004 டிசம்பர் 26 காலையில் ஆயா தட்டிகளின் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கருவாடு கொடுக்கப் போயிருந்தார். கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் அன்று இறந்தார்கள். ஏலத்தில் அவரோடு மல்லுக்கு நின்ற பெண்களில் நான்கு பேர் அதில். ஆயா அதற்குப் பிறகு மீன் ஏலத்துக்குப் போகவில்லை. தட்டி, கூடை, வடக ஜாடி எல்லாம் போயிற்று. அடுத்த பங்குனியில் வடகம் மட்டும் மறுபடியும் போட்டார். வழக்கமாக இரண்டு கிலோ. அந்த வருடம் பத்து கிலோ. தெருவில் எல்லா வீட்டு ஜாடியும் போயிருந்ததல்லவா, வீட்டுக்குப் பத்து உருண்டை என்று கொடுத்தார். அந்தப் பத்து கிலோவை உருட்டிய சித்திக்கு அளவுகள் கிராமில் தெரியும். ரேஷன் கடைத் தராசில் நிறுத்துச் செய்தார்களாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு. தேவனாம்பட்டினம்

சித்தி வீட்டு வாசலில் உரல். சித்தி சொன்ன அளவு, இரண்டு கிலோ சின்ன வெங்காயத்துக்கு:

பூண்டு கால் கிலோ. உடைத்த உளுத்தம்பருப்பு 200 கிராம். கடுகு 100. சீரகம் 50. வெந்தயம் 25, ஒரு கிராம் கூடினாலும் கசப்பு. கல்லுப்பு 100. மஞ்சள்தூள் இரண்டு சின்னக் கரண்டி. கறிவேப்பிலை இரண்டு கை, ஈரமில்லாமல். பெருங்காயத்தூள் ஒரு கரண்டி. விளக்கெண்ணெய் 50 மில்லி, அது ஏழாம் நாளுக்கு. எதையும் வறுக்கக் கூடாது, பருப்பை ஊறவைக்கவும் கூடாது. பருப்பு வெங்காயச் சாற்றைக் குடித்துத்தான் ஊற வேண்டும்.

எட்டு மணிக்கு வெங்காயத்தை வெயிலில் பரப்பி, ஒன்பதரைக்குப் புடைத்தோம். இரண்டு கை, நாலு குத்து. முதல் ஈட்டில் ஏழெட்டு குத்து விழுந்துவிட்டது, சித்தி அதை மட்டும் தனியாக எடுத்து மதியக் குழம்புக்கு வைத்தார். இரண்டு கிலோ நசுக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம். கண்ணெரிச்சல் தாங்கவில்லை. காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார், அது உதவியது.

பூண்டு விஷயத்தில் சித்தியும் ஒன்றும் தீர்க்கவில்லை. "அத்தை ஒரு வருசம் உரிச்சிப் போடும், ஒரு வருசம் தோலோட போடும். நேரம் இருந்தா உரிக்கும்" என்றார். பாதியை உரித்தோம்.

மண்சட்டியில் எல்லாவற்றையும் பிசைந்து, துணியால் வேடு கட்டி, தாழ்வாரத்தில் வைத்தாயிற்று. நாளைக் காலை பிழிந்து உருட்ட வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

சித்தி கைப்பேசியில் அனுப்பிய கணக்கு இது. சாறு வற்ற ஐந்து நாள் ஆயிற்று, இரண்டாம் நாள் மேகமூட்டம். எட்டாம் நாள் எண்ணெய் தடவினார். மொத்தம் 44 உருண்டை. பச்சையாக எலுமிச்சை அளவு இருந்தது காய்ந்து நெல்லிக்காய் அளவு. எடை ஒரு கிலோவுக்குச் சற்றே கூட. பூசணம் இல்லை, கசப்பும் இல்லை.

முதுநகருக்குப் பத்து, முதலியார்பேட்டை எதிர்வீட்டுக்குப் பத்து, பண்ருட்டிக்குப் பத்து, பெரியத்தைக்குப் பத்து. மீதி நாலில் மூன்றைச் சித்தி வைத்துக்கொண்டார். ஒன்றைச் சோதனைக்கு உடைத்தார். நடுவில் கொண்டைக்கடலை அளவுக்கு இன்னும் ஈரம் இருக்கிறதாம். 43-ஐயும் திரும்ப முறத்தில் பரப்பியிருக்கிறார். இன்னும் மூன்று வெயில் காட்டிவிட்டு அனுப்புவார்.